வேர்ட்ஸ்வொர்த் ஊரில் மழையும் விலைவாசியும்

ஏப்ரல் 14, கிராஸ்மியர்

சித்திரை முதல் நாள் காலையில் மான்செஸ்டரில் மாங்காய்ப் பச்சடி தின்றுவிட்டுக் கிளம்பினோம். மாங்காய் கிடைத்தது, வேப்பம்பூ கிடைக்கவில்லை. "வருசப் பொறப்புக்குக் கசப்பே இல்லாமப் போச்சே" என்று மதினிக்கு மனக்குறை. மத்தியானத்துக்குள், இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் இருக்கும் விண்டர்மியரின் மழை அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது.

மதினிக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் இருந்ததால் அண்ணனும் நானும் மட்டும் வந்திருக்கிறோம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் நடத்துகிறேன். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபோடில்ஸ் கவிதைக்கு மஞ்சள் சாக்பீஸால் கரும்பலகையில் பூ வரைந்து காட்டுவேன். நிஜப் பூவைப் பார்த்ததில்லை. விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்த இடத்தில், "அந்தாளு ஊரு பக்கத்துலதான் இருக்கு, போய்ட்டு வந்துருவோமா?" என்று அவன்தான் கேட்டான்.

ரயிலில் வந்து விண்டர்மியரில் இறங்குவதே வேர்ட்ஸ்வொர்த் பேச்சை மீறுவதுதான். 1844-ல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்குத் தண்டவாளம் போடத் திட்டம் வந்தபோது, 74 வயதுக் கவிஞர் கொதித்துப் போனார். எதிர்த்து ஒரு சானட் (பதினாலு வரிக் கவிதை) எழுதினார். போதாதென்று 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்கு நீளநீளமாகக் கடிதம் வேறு. மலையையும் ஏரியையும் ரசிப்பது பழகிப் பழகி வரவேண்டியது, ஆலைத் தொழிலாளிகளைக் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பயனில்லை, அவர்கள் முதலில் தங்கள் ஊர்ப் பக்கத்து வயல்களில் பெண்டாட்டி பிள்ளைகளோடு உலாவிப் பழகட்டும் என்கிற ரீதியில் போகிறது வாதம். ஏழை எளியவர்களைக் கவிதைக்குள் கொண்டுவந்த மனிதர் எழுதியது! 1847-ல் ரயில் வந்துவிட்டது. "மான்செஸ்டர்க்காரன் வரக்கூடாதுன்னு அப்பவே சொல்லிட்டாரு போல" என்றபடி அண்ணன் பெட்டியை இறக்கினான்.

விண்டர்மியரிலிருந்து கிராஸ்மியருக்கு மேல்தளம் திறந்த டபுள் டெக்கர் பஸ். ஆளுக்கு 3 பவுண்டு. நம் காசில் முந்நூறு ரூபாய்க்கு மேல். மழையில் மேலே யாரும் ஏறவில்லை, ஒரு சின்னப் பையனைத் தவிர. அவனுடைய அம்மா படிக்கட்டில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவன் கேட்பதாக இல்லை.

தங்கும் வீட்டு அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். செருப்பைக் கழற்றுங்கள், ஈரக் கோட்டை இங்கே மாட்டுங்கள், காலைச் சாப்பாடு எட்டிலிருந்து எட்டே முக்கால் வரைதான் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, சிரிக்காமல் சாவியைக் கொடுத்தார். ஓர் இரவுக்கு 115 பவுண்டு. சிரிப்பு அதில் சேர்த்தி இல்லை.

ராத்திரி பப்பில் டேட்டி பாட் என்று ஒன்று வாங்கினோம். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் மணிக்கணக்காக வெந்தது, கூடவே வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ். விலை 18 பவுண்டு. கறி வாயில் கரைந்தது. காரம் என்ற ஒன்றை அது பார்த்ததே இல்லை. பக்கத்து மேசைக்குத் தெரியாமல் மதினி கொடுத்துவிட்ட ஊறுகாயை அண்ணன் எடுத்தான். வாசனை எல்லா மேசைக்கும் போய்விட்டது.

ஏப்ரல் 15, அல்ஸ்வாட்டர்

தேதி பார்த்துத்தான் இன்றைக்கு இங்கே வந்தோம். 1802-ல் இதே ஏப்ரல் 15-ல் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரதியும் இந்த ஏரிக்கரையோரமாக நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடும் காற்று. கரையில் ஒரு கொத்து டாஃபோடில் தெரிந்தது, போகப்போக நிறைய. அன்றைய டைரியில் டோரதி எழுதியிருப்பதை, அண்ணன் போனில் வைத்திருந்த பிரதியிலிருந்து பஸ்ஸிலேயே படித்தேன். பாசி படிந்த கற்களுக்கு நடுவே பூக்கள். சில களைத்துப்போய்க் கல்லையே தலையணையாக்கிச் சாய்ந்திருந்தன. மற்றவை காற்றோடு ஆடிச் சிரிப்பது போலிருந்தன என்கிறார்.

கிர்க்ஸ்டோன் கணவாய் ஏறி இறங்கிக் கிளென்கோய்ன் வளைகுடாவுக்குப் போனால், பூ முக்கால்வாசி முடிந்துவிட்டது. இந்த வருடம் சீக்கிரமே பூத்துவிட்டதாம். மரத்தடி நிழலில், தண்ணீர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். ஊர்ப் பூங்காக்களில் பளிச்சென்று நிற்கிற ஜாதி வேறு, இது வேறு. காட்டு டாஃபோடில் சின்னது, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல்தான் உயரம். வெளி இதழ் வெளிறிய மஞ்சள், நடுக்குழல் அடர்மஞ்சள். கரும்பலகையில் நான் வரைந்ததெல்லாம் சூரியகாந்தி அளவுக்கு இருந்தது. பத்தாயிரம் பூவை ஒரே பார்வையில் கண்டதாகக் கவிதை சொல்கிறது. நாங்கள் பார்த்தது முந்நூறு தேறும். இரண்டடி தள்ளி மெயின் ரோடு, கார் மேல் கார்.

ஆனால் காற்று அதே காற்றுதான். குடையைப் பிரித்துக் கம்பியைத் தனியாக, துணியைத் தனியாகக் கொடுத்தது.

கவிதை உடனே வந்துவிடவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1804-ல் எழுதினார். 1807-ல் அச்சில் வந்தது. அதில் அவர் மேகம் போலத் தனியாக அலைகிறார். கூட நடந்த தங்கை காணோம். மனக்கண்ணில் பூக்கள் மின்னுவதைச் சொல்லும் அந்த இரண்டு வரிகளை, கவிதையிலேயே சிறந்தவை அவைதான் என்று அவரே சொன்ன வரிகளை, எழுதியது மனைவி மேரி. ஆக, தனிமையைப் பற்றிய அந்தக் கவிதையில் இரண்டு பெண்களின் கைவேலை இருக்கிறது. வகுப்பில் நான் இதைச் சொன்னதில்லை. பரீட்சைக்கு வராது.

டோரதியின் டைரி பூவோடு நிற்கவில்லை. அன்றிரவு பாட்டர்டேல் சத்திரத்தில் தங்குகிறார்கள். சத்திரக்கார அம்மா முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார், ஆனால் அவர் சுபாவமே அப்படித்தான் என்கிறார். (எங்கள் வீட்டு அம்மா நினைவுக்கு வந்தார்.) நல்ல பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் கிடைத்தன, சூடாக ரம்மும் வெந்நீரும் குடித்தார்கள், கிளம்பும்போது கொடுத்தது 7 ஷில்லிங் (அப்போது இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு). இதெல்லாம் அதே நாள் குறிப்பில், பூக்களுக்குக் கீழே இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது டீயும் ஸ்கோனும். அது 7 பவுண்டு.

திரும்புகிற பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி மூன்றரைக்கு வரவேண்டும். நாலேகால் ஆயிற்று. மழை பக்கவாட்டில் அடித்தது. அண்ணன் போன் போட்டால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. நாலரைக்கு ஒரு பழைய கார் தானாகவே நின்றது. எழுபது தாண்டிய கணவன் மனைவி. பின்சீட்டில் நனைந்த நாய் ஒன்று. "நாய் நாறும், பரவாயில்லையா?" என்று அந்த அம்மா கேட்டார். நாங்களும் அந்நேரம் அப்படித்தான் இருந்தோம். அம்பிள்சைடு வரை கொண்டுவந்து விட்டார்கள். பெட்ரோலுக்கு என்று அண்ணன் காசை நீட்டப்போக, அந்தப் பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. அதன் பிறகு இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். இந்த ஊர் வழக்கம்.

வழியில் பிரதர்ஸ் வாட்டர் என்ற சின்ன ஏரி. 1802 ஏப்ரல் 16, அதாவது டாஃபோடிலுக்கு மறுநாள், வில்லியம் இங்கே பாலத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினார். சேவல் கூவுகிறது, ஓடை ஓடுகிறது, நாற்பது மாடுகள் ஒன்றுபோல மேய்கின்றன என்று போகும். தலைப்பு 'மார்ச்சில் எழுதியது'. டோரதி டைரியில் மேய்ந்த மாடுகள் 42. மாதமும் சரியாக ஏப்ரல்.

"ரெண்டு மாட்ட எங்க விட்டாரு?" என்றான் அண்ணன். அந்தப் பெரியவருக்கு இந்தக் கதையைச் சொன்னோம். காரை மெதுவாக்கி ஜன்னல் வழியே பார்த்தார். இன்றைக்கு அங்கே மாடே இல்லை. ஆடுகள் மட்டும்.

ஏப்ரல் 16, மறுபடி கிராஸ்மியர்

குடை வாங்கினேன், 14 பவுண்டு. வாங்கிய பத்தாம் நிமிடம் வெயில்.

டவ் காட்டேஜ் ஊர்க்கோடியில் சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு. வில்லியமும் டோரதியும் 1799 டிசம்பரில் இங்கே குடிவந்தார்கள், 1808 வரை இருந்தார்கள். அதற்கு முன்பு இது ஒரு சாராயக் கடை. தரையில் கல் பாவியிருக்கிறது. கீழ் அறைகளில் வெளிச்சம் கிடையாது. சாமான் வைக்கும் அறைக்கு அடியில் ஓடை போகிறது. அந்தக் குளிர்ச்சியில்தான் பாலும் வெண்ணெயும் இருந்திருக்கின்றன. மாடியில் ஒரு சிற்றறைக்குக் குளிர் தாங்காமல் சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டினார் டோரதி. இப்போதும் அந்தக் காலத்துத் தாள்கள்தான் ஒட்டியிருக்கின்றன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளம்பரங்களைப் படித்தேன். பின்னால் நின்ற ஜப்பானியக் குடும்பம் பொறுமையாகக் காத்திருந்தது.

வில்லியம் 1802-ல் மேரியைக் கல்யாணம் செய்துகொண்டார், வரிசையாக மூன்று பிள்ளைகள் இங்கே பிறந்தன. விருந்தாளிகள் வேறு. இந்த வீட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டில் இரண்டு வேளை கஞ்சி என்றும், தங்க வந்த எழுத்தாளர் வால்டர் ஸ்காட் பசி தாங்காமல் ஸ்வான் சத்திரத்துக்கு நழுவிப் போய்ச் சாப்பிட்டார் என்றும் ஒரு கதை சொல்கிறார்கள். எளிய வாழ்வு, உயர்ந்த சிந்தனை என்று நம் காந்தியர்கள் சொல்வதை 1802-ல் சானட்டில் எழுதியவர் இவர்தான். அந்த எளிய வாழ்வுக்கும் ஒரு முதல் இருந்தது. ரெய்ஸ்லி கால்வர்ட் என்ற நண்பர் இளம் வயதில் காசநோயில் இறந்தபோது, வேலைக்குப் போகாமல் கவிதை எழுத வேண்டும் என்று வில்லியமுக்கு 900 பவுண்டு எழுதி வைத்தார். அது 1795-ல். தம்பி ஜான் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் கேப்டன். வியாபாரத்தில் சம்பாதித்து அண்ணனைக் கவலையில்லாமல் எழுத வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1805 பிப்ரவரியில், வங்காளத்துக்கும் சீனாவுக்கும் கிளம்பிய அந்தக் கப்பல் வேமவுத் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கியது. ஜானும் போனார். மலைநாட்டு அமைதிக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை நம் நாட்டு வியாபாரத்தில் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிது.

எனக்கு இங்கே மனதில் நின்றது அட்டைக்காரர். 1800 இலையுதிர் காலத்தில் வீட்டுக்குப் பக்கத்து ரோட்டில், கிட்டத்தட்ட இரண்டாக வளைந்த ஒரு கிழவரைப் பார்க்கிறார்கள். ரத்தம் எடுக்க வைத்தியர்கள் வாங்கும் அட்டைகளைக் குளங்களில் பிடித்து விற்பது அவர் தொழில். டோரதி எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறார். பத்துப் பிள்ளைகள், ஒருவனைத் தவிர எல்லோரும் போய்விட்டார்கள். அந்த ஒருவனும் கப்பலில், பல வருடமாகத் தகவல் இல்லை. வண்டி ஏறி இவருக்குக் கால் முறிந்திருக்கிறது, மண்டை உடைந்திருக்கிறது. அட்டை இப்போது அகப்படுவதில்லை. முன்பு நூறு அட்டை இரண்டரை ஷில்லிங், இப்போது 30 ஷில்லிங். கையில் சரக்கு இல்லாததால் பிச்சை எடுத்துக்கொண்டு கார்லைல் போகிறார், பக்திப் புத்தகம் வாங்கி விற்கலாம் என்று.

இரண்டு வருடம் கழித்து வில்லியம் இதைக் கவிதையாக்கினார். ரோடு போய்விட்டது, கிழவர் ஆளில்லாத பொட்டல் காட்டில் ஒரு குட்டை ஓரம் பாறை போல நிற்கிறார். பிள்ளைகள் போய்விட்டார்கள். விலை போய்விட்டது. முன்பு எங்கும் கிடைத்தது, மெல்ல மெல்ல அருகிவிட்டது, ஆனாலும் தேடுகிறேன் என்று மட்டும் நிதானமாகச் சொல்கிறார். கேட்கிற கவிஞரின் மனச்சோர்வு நீங்குகிறது. கிழவருக்கு என்ன நீங்கியது என்று கேட்கத் தோன்றுகிறது. கவிதை பெரிய கவிதை, சந்தேகமே இல்லை. வளைந்த முதுகோடு அவர் நிற்கும் இடம் கண்ணை விட்டுப் போகாது. ஆனால் பன்னிரண்டு மடங்கு விலை ஏறியும் விற்க ஓர் அட்டை இல்லாதவரின் கஷ்டம், அந்த இரண்டு எண்களில் எனக்குப் புரிந்த அளவுக்கு வரிகளில் புரியவில்லை.

இதை அண்ணனிடம் சொன்னேன். "நீ கணக்கு டீச்சரா போயிருக்கணும்ட்டி" என்றான்.

பிறகு ஜிஞ்சர்பிரெட். கல்லறைத் தோட்டத்து வாசலில் குருவிக்கூடு மாதிரி ஒரு கடை. சாரா நெல்சன் என்ற அம்மா 1854-ல் ஆரம்பித்தது. செய்முறை இன்றுவரை ரகசியம். அதற்கு முன்பு அதுதான் ஊர்ப் பள்ளிக்கூடம், வேர்ட்ஸ்வொர்த் குடும்பத்தார் அங்கே பாடம் நடத்தியிருக்கிறார்கள். மேலே உதிரும், கீழே பல்லில் ஒட்டும், தொண்டையில் இஞ்சி சுள்ளென்று இறங்கும். இந்த ஊரில் காரம் கண்ட ஒரே பண்டம். வரிசையில் இருபது நிமிடம் நின்றோம். ஒருவரும் முந்தவில்லை, முந்துகிறோமோ என்று பயந்து எல்லோரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டதில்தான் தாமதம்.

பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கல்லறைக்குப் போனோம். சாம்பல் கற்கள், பெயர், வருடம், அவ்வளவுதான். வில்லியம் 1850, பக்கத்தில் மேரி, டோரதி. 1812-ல் ஆறே மாதத்தில் போன இரண்டு பிள்ளைகளும் இங்கேதான்: கேத்தரினுக்கு 3 வயது, தாமஸுக்கு 6. கேத்தரினை நினைத்து ஒரு சானட் எழுதியிருக்கிறார். திடீரென்று ஒரு சந்தோஷம், அதைச் சொல்லத் திரும்புகிறார், யாரிடம் சொல்லத் திரும்பினோமோ அவள் மண்ணுக்குள் இருக்கிறாள்; ஒரு நொடிதான் என்றாலும் எப்படி மறந்தேன் என்று பதறுகிறார். அதில் மலை இல்லை, பூ இல்லை, ஏரி இல்லை. உணர்ச்சியை அமைதியில் நினைத்துப் பார்ப்பது கவிதை என்று தன் புத்தகத்து முன்னுரையில் எழுதியவர், அமைதியே இல்லாமல் எழுதியது. எனக்கு டாஃபோடிலை விட இதுதான் பெரிது.

ஏப்ரல் 17, க்ரீன்ஹெட் கில்

காலையில் வீட்டு அம்மா முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டார்: "எங்கே போகிறீர்கள்?" க்ரீன்ஹெட் கில் என்றதும் எங்கள் காலணிகளைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு ஊன்றுகோல் கொண்டுவந்து கொடுத்தார். சிரிக்கவில்லை.

ஸ்வான் சத்திரத்துக்குப் பின்னால் ஓடையை ஒட்டி ஏறும் பாதை. 'மைக்கேல்' என்ற நீளக் கவிதை, பொதுச்சாலையை விட்டு இந்த ஓடை வழியே ஏறினால் என்றுதான் ஆரம்பிக்கிறது. கவிதையே வழி சொல்வதால் கைடு தேவையில்லை. மழை பெய்த மண், வழுக்கல். அண்ணன் ஒருமுறை உட்கார்ந்தே இறங்கினான். பேண்ட் போயிற்று.

கதை தெரியாதவர்களுக்கு: எண்பது தாண்டிய ஆட்டுக்காரர் மைக்கேல். சொந்த நிலம் கொஞ்சம் உண்டு, பரம்பரைச் சொத்து. தம்பி மகனுக்கு ஜாமீன் நின்றது தலையில் விழுகிறது. நிலத்தில் ஒரு பகுதியை விற்பதா, ஒரே மகன் லூக்கைப் பட்டணத்துச் சொந்தக்காரரிடம் அனுப்பிச் சம்பாதிக்க வைப்பதா? நிலம் கைவிட்டுப் போகக்கூடாது என்று மகனை அனுப்புகிறார். போகுமுன் ஓடைக்கரையில் கட்டவிருக்கும் ஆட்டுப்பட்டிக்கு முதல் கல்லை மகன் கையால் வைக்கச் சொல்கிறார். லூக் பட்டணத்தில் கெட்டு, கடல் தாண்டி ஓடிப் போகிறான். கிழவர் அதன் பிறகும் அவ்வப்போது பட்டிக்குப் போகிறார். பல நாள் அங்கே போய் ஒரு கல்லைக்கூடத் தூக்காமல் திரும்பினார் என்று ஊரில் சொல்வார்களாம்.

ஜாமீன் கையெழுத்தால் நிலம் போன கதை எங்கள் தாத்தாவுக்கும் உண்டு. கயத்தாறு பக்கம் இரண்டு ஏக்கர். அண்ணனும் நானும் அதைப் பற்றிக் கொஞ்ச தூரம் பேசிக்கொண்டு ஏறினோம், அப்புறம் மூச்சு வாங்கியதால் விட்டுவிட்டோம்.

இந்தக் கவிதையில் மட்டும் வில்லியம் கணக்கைத் தொலைக்கவில்லை. கடன், ஜாமீன், நிலம், யார் வாங்கினார்கள் எல்லாம் இருக்கிறது. 1801 ஜனவரியில் இந்தக் கவிதை வந்த புத்தகத்தை சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற அரசியல்வாதிக்கு அனுப்பினார். நல்ல துணி உடுத்தாதவர்களுக்கும் ஆழமான உணர்ச்சி உண்டு என்று காட்டத்தான் எழுதினேன், இங்கே சொந்த நிலம் வைத்திருந்த சிறு விவசாயிகள் வேகமாக அழிந்து வருகிறார்கள் என்று கடிதம். ரயிலுக்கு எதிராகக் கத்திய கிழவரை மூன்று நாளுக்கு முன்பு திட்டினேன். இவரை என்ன சொல்ல? முப்பது வயதில் இருந்தவர் வேறு ஆள் போல.

பட்டி இடிந்து கிடப்பதாகவும், சமமாகப் பிளக்காத இதயம் போன்ற வடிவம் என்றும் 1800 அக்டோபரிலேயே டோரதி டைரியில் இருக்கிறது. இன்றைக்கு ஓடையோரம் கற்குவியல்கள் இருக்கின்றன, எது மைக்கேலுடையது என்று யாரும் பலகை வைக்கவில்லை. நல்லது. ஒரு குவியல் மேல் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். மூன்று நாள் புளியோதரை, இந்தக் குளிரில் ஒன்றும் ஆகவில்லை.

கீழே ஓடையின் குறுக்கே கல்லில் ஒரு கட்டுமானம். தெர்ல்மியர் ஏரியிலிருந்து மான்செஸ்டருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய் இந்த ஓடையைத் தாண்டும் இடம் அது. 1894 முதல் ஓடுகிறது. நூறு மைலுக்குப் பக்கம், பம்ப் கிடையாது, சரிவிலேயே போகிறது. அணை கட்டக்கூடாது என்று அந்தக் காலத்தில் பெரிய போராட்டமே நடந்தது. அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றான். பதினெட்டு வருடமாக அவன் வீட்டுக் குழாயைத் திறந்தால் இந்தப் பக்கத்துத் தண்ணீர்தான். லூக்கும் இந்தத் திசையில்தான் போனான் என்று சொல்லவந்து சொல்லவில்லை. எல்லாவற்றையும் பாடமாக்குகிறாய் என்பான்.

இறங்கும்போது நாலு சக்கர பைக்கில் ஒரு பெண், பின்னால் நாய். ஆடு வளர்க்கிறவர். குட்டி போடும் பருவம், தூக்கம் இல்லை என்று முகமே சொன்னது. இங்கத்து ஹெர்ட்விக் ஆடு பிறக்கும்போது கறுப்பு, வருடம் ஏற ஏற வெளுத்துச் சாம்பலாகிறது, முகம் மட்டும் வெள்ளை. மேலே மலையில் வேலி கிடையாது. எந்தச் சரிவு தன்னுடையது என்று தாய் ஆடு குட்டிக்குப் பழக்கிவிடும், அடுத்த தலைமுறையும் அதே இடத்தில் மேயும். ஆட்டை விற்றால் மலையையும் சேர்த்து விற்கிற மாதிரி, புதிதாக வாங்கிவிட்டால் நிற்காது, ஓடிவிடும் என்றார். கம்பளிக்கு என்ன விலை என்று அண்ணன் கேட்டான். முதன்முறையாகச் சிரித்தார். "கத்தரிக்கிற கூலிக்கே காணாது." வேர்ட்ஸ்வொர்த் படித்திருக்கிறீர்களா என்று நான் கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தில் என்றார். "அவர் ஆடுகளைப் பற்றி எழுதியதெல்லாம் சரிதான். குட்டி போடுகிற ராத்திரியைப் பற்றி ஒன்றும் இல்லை." கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 18, ரைடல்

இன்று புனித வெள்ளி. ஊர் கொள்ளாத கூட்டம். வீட்டு அம்மாவிடம் ஊன்றுகோலைத் திருப்பிக் கொடுத்தபோது, மண்ணைக் கழுவியிருக்கிறோமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வழிக்கு என்று இரண்டு ஆப்பிள் கொடுத்தார்.

சவம் தூக்கிப் போன பழைய பாதை வழியாகக் கிராஸ்மியரிலிருந்து ரைடலுக்கு நடந்தோம். பிணத்தை இறக்கி வைக்கும் கல் இப்போதும் இருக்கிறது. எதிரே வருகிற ஒவ்வொருவரும் 'மார்னிங்' சொல்கிறார்கள், பதில் சொல்லாவிட்டால் மரியாதையில்லை. நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன், தொண்டை கட்டிவிட்டது.

ரைடல் மவுண்ட் வீடு பெரிது, தோட்டம் அதைவிடப் பெரிது. 1813 முதல் கடைசிவரை இங்கே இருந்தார். அந்த வருடம் அரசாங்க முத்திரைத்தாள் விநியோக வேலை கிடைத்துவிட்டது, கஞ்சிக் காலம் முடிந்தது. 1818-ல் இளங்கவிஞன் கீட்ஸ் ஆசையாசையாகப் பார்க்க வந்தபோது இவர் வீட்டில் இல்லை. உள்ளூர் ஜமீன்தார் குடும்பத்துக்கு ஓட்டுக் கேட்கப் போயிருந்தார். 1847-ல் மகள் டோரா இறந்த பிறகு, கீழே உள்ள வயலில் அவள் நினைவாக டாஃபோடில் நட்டார்கள். அங்கே பூ இன்னும் தாராளமாக இருந்தது. அண்ணன் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தான். நான் எடுத்த அவன் படம்தான் நன்றாக வந்தது. அதை ஸ்டேட்டஸில் போட்டு, தனிமையில் இனிமை என்று எழுதினான்.

டோரதியின் கிராஸ்மியர் டைரி 1800 மே 14-ல் தொடங்குகிறது. முதல் நாளே ரைடலில் நடந்தது ஒன்று உண்டு. நன்றாக உடுத்திய ஊர்ப் பெண் ஒருத்தி அரைப் பென்னி பிச்சை கேட்கிறாள். இதற்கு முன் கேட்டதே இல்லை, காலம் அப்படி என்கிறாள். அந்த ரோட்டில் இப்போது கார் நிறுத்த இடமில்லாமல் சண்டை. நாலு மணி நேரத்துக்கு 8 பவுண்டு.

அம்பிள்சைடில் டீ கொண்டுவந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கிராஸ்மியரில் பிறந்தவராம், இப்போது கெண்டலில் ஓர் அறை எடுத்துத் தினம் பஸ்ஸில் வந்து போகிறார். ஊரில் வாடகை கட்டுப்படியாகாது, தெருவில் பாதி வீடுகள் வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள், ஜனவரியில் வந்து பாருங்கள் ஒரு ஜன்னலிலும் விளக்கு எரியாது என்றார். கெண்டல் அறைக்கு மாதம் 550 பவுண்டு. அண்ணன் மான்செஸ்டர் வாடகையைச் சொன்னான். இருவரும் கொஞ்ச நேரம் மும்முரமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டாஃபோடில்ஸ் கவிதை தெரியுமா என்று கேட்டேன். "பாட்டி வீட்டில் பாத்திரம் துடைக்கிற துண்டில் இருக்கிறது. மூன்றாவது பத்தி வரைதான் தெரியும், மீதி சலவையில் போய்விட்டது."

டீ 3 பவுண்டு 60. சில்லறை மீதியை அவரிடமே விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினோம். இந்தத் தடவை பஸ் இரண்டு நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டது, டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களுக்காக நின்றார்.